காதுக்கு மெஷின் வாங்கப் போறீங்களா? பர்ஸைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

அசோக் நகர் தூண் அருகே ஒரு டீக்கடை. சாயங்கால நேரம். 100 அடி ரோட்டில் பஸ், லாரி இரைச்சல்.

டீ குடிக்க வந்த பெரியவர் ஒருவர், காதில் இருந்த குட்டி மெஷினை வெடுக்கென்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ரிட்டயர் ஆன குமாஸ்தா. வயது 70-ஐத் தாண்டியவர்.

"ஏன் சார் கழட்டிட்டீங்க?" என்று கேட்டோம்.

"ஆயிரம் ரூபாய்க்குள்ளே இருக்குன்னு மகன் செல்போன்ல பார்த்து வரவழைச்சான். ஹாரன் சத்தம் மண்டையைப் பிளக்குது. பேரன் பேசுறது மட்டும் புரியலை!" என்றார்.

பல வீடுகளில் இதே கதைதான். ஆசையாய் வாங்கிய மெஷின், பீரோவில் தூங்குகிறது. ஏன் இப்படி?

சத்தம் வேறு, பேச்சு வேறு

வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சுக் குரல் ஒலிகள். ச, ஸ, த போன்ற எழுத்துக்கள் காதில் விழாது. "ஆ, ஓ" நன்றாகக் கேட்கும். அதனால்தான், "பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியலை" என்கிறார்கள்.

மலிவு மெஷின்களில் பெரும்பாலானவை வெறும் ஒலிபெருக்கி. பேரன் பேச்சையும் பஸ் இரைச்சலையும் ஒன்றாகவே கூட்டிவிடும்.

எது எப்படி?

பாக்கெட் மெஷின்: சட்டைப் பையில் ஒரு டப்பா, காதுக்கு ஒரு ஒயர். பென்சில் பாட்டரி போதும். திருகு பெரிதாக இருப்பதால் நடுங்கும் கைக்கும் வசதி. ஆனால் சட்டை உரசினால் கரகரவென்று சத்தம்.

ரெடிமேட் மெஷின்: கடையிலும் செல்போனிலும் கிடைப்பது. விலை குறைவு. வீட்டில் டி.வி. பார்க்க உதவலாம். ரோட்டில் தொல்லைதான்.

டிஜிட்டல் மெஷின்: காதுக்குப் பின்னால் மாட்டுவது. உங்கள் காதில் எந்த ஒலி குறைவோ அதை மட்டும் கூட்டும்படி செவித்திறன் நிபுணர் கம்ப்யூட்டரில் செட் செய்து தருவார். விலை பல ஆயிரம். ஆனால் பேச்சு புரிய இதுவே கை கொடுக்கும்.

அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலே காது மெஷின் வாங்கலாம். 18 வயது நிரம்பியவருக்கு, லேசான அல்லது நடுத்தரக் குறைக்கு மட்டுமே! சத்தம் எத்தனை டெசிபலைத் தாண்டக்கூடாது என்றும் உச்சவரம்பு உண்டு.

அதைக் காட்டி இங்கே சிலர் வியாபாரம் செய்கிறார்கள். பெட்டியில் அமெரிக்க அரசின் "எப்.டி.ஏ. பதிவு" என்று அச்சடித்திருந்தால் மயங்காதீர்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு.

முதலில் டெஸ்ட்!

காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு அழுக்கு அடைத்திருக்கும். எடுத்துவிட்டால் போதும், மெஷினே வேண்டாம்!

அடுத்தது "ஆடியோகிராம்". சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று எழுதித் தருவார்கள். இதுதான் உங்கள் காதின் ஜாதகம்.

திடீரென்று காது அடைத்துப் போனால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். நாள் கடத்தினால் திரும்பக் கிடைக்க வேண்டிய காதும் போய்விடலாம். ஒரு காது மட்டும் மந்தம், சீழ், தலைசுற்றல் இருந்தாலும் மெஷின் வாங்கிச் சமாளிக்கக் கூடாது.

இலவசமாகவும் உண்டு

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் பக்கத்திலேயே கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்றவர்களுக்கு சென்ட்ரல் எதிரே அரசு பொது ஆஸ்பத்திரி.

இரண்டு காதிலும் 60 டெசிபல், அதற்கு மேல் குறை இருந்தால் 2016-ம் வருடச் சட்டப்படி மாற்றுத்திறனாளி. அடையாள அட்டை வாங்கி, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச மெஷினுக்கு மனு கொடுக்கலாம். 60 வயது தாண்டிய ஏழைகளுக்கு, 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் "வயோஸ்ரீ" திட்டம் இருக்கிறது. முகாம் வைத்துக் கொடுக்கிறார்கள்.

காசு கொடுக்கும் முன்

* அமைதியான கடைக்குள் கேட்டுப் பார்த்தால் போதாது. வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். மெஷினை மாட்டிக்கொண்டு, ரோட்டு ஓரமாய் நின்று அவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

* காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

* ரிப்பேர் எங்கே, கியாரண்டி எத்தனை வருஷம், பாட்டரி என்ன விலை என்று விசாரியுங்கள். பொத்தான் பாட்டரி ஒன்றிரண்டு வாரம்தான் வரும். வருஷக் கணக்கில் அதுவும் ஒரு செலவு!

* மெட்ராஸ் வியர்வை மெஷினுக்கு எமன். ராத்திரி கழற்றித் துடைத்து, பாட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். பொத்தான் பாட்டரி குழந்தை கையில் சிக்கக் கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து!

டீக்கடைப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னோம். இரண்டு தடவை சத்தமாய்ச் சொல்ல வேண்டியிருந்தது. "டெஸ்ட்டா? அதை யாருமே சொல்லலையே!" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நீங்களாவது சொல்லுங்கள். முதலில் காதைக் காட்டச் சொல்லுங்கள். மெஷின் அப்புறம்!