கமரான் தீவில் பத்து நாள்

கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம் என்று நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோர ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இன்று புறப்படுமுன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள், போலியோ சொட்டு மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். சென்னையில் விமானம் ஏறினால் அன்றைக்கே ஜித்தா. நோய்த் தடுப்பு என்பது அவர்களுக்கு ஓர் ஊசி, ஒரு சான்றிதழ்.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே பயணம் மாதக் கணக்கில் நீண்டது. அப்போது இந்தக் கரையோரம் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது; உள்நாடு தொண்டைமான் சமஸ்தானம். இரண்டும் சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டமானது 1974-இல்தான். கடனை அடைத்து, உறவுக்காரர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி விடைபெற்று, பம்பாய் வரை போய் நீராவிக் கப்பலில் மேல்தளத்தில் இடம் பிடிக்க வேண்டும். அரபிக் கடலைத் தாண்டிச் செங்கடலுக்குள் நுழைந்ததும் கப்பல் நேராக ஜித்தாவுக்குப் போகாது. ஏமன் கரையை ஒட்டிய கமரான் என்ற வறண்ட தீவில் நின்றுவிடும். அங்கே உதுமானியப் பேரரசின் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. அதைக் கடந்தால்தான் மக்கா.

மனிதரைத் தடுத்து நிறுத்தி நோயைத் தடுப்பது இஸ்லாத்துக்கு ஒவ்வாதது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. கி.பி. 639-ஐ ஒட்டிச் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே போய்க்கொண்டிருந்த கலீபா உமர் சர்க் என்ற இடத்தில் செய்தி கேட்டு, பலரிடமும் கலந்து பேசித் திரும்பிவிட முடிவு செய்தார். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று தளபதி அபூ உபைதா கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற பொருளில் உமர் பதில் சொன்னார். நோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கே இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அப்போதுதான் நினைவூட்டினார். சிரியாவிலேயே இருந்த அபூ உபைதா அந்த நோயில் இறந்துபோனார்.

இந்தக் கேள்வியைப் பின்னால் வந்த அறிஞர்களும் விடாமல் விவாதித்தார்கள். 1830-களில் அல்ஜீரியாவைச் சேர்ந்த ஹம்தான் கோஜா, நோய்த்தடுப்பு முகாம் மார்க்கத்துக்கு விரோதமல்ல என்று தனி நூலே எழுதினார். 1838-இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் இஸ்தான்புல்லில் நோய்த்தடுப்புக் குழு ஒன்றை அமைத்தபோது மார்க்கத் தலைமையின் ஒப்புதலும் இருந்தது. ஆகவே பின்னால் கமரானில் நடந்த சண்டை மதத்துக்கும் மருத்துவத்துக்கும் இடையிலானது என்று நான் நினைக்கவில்லை. யார் நிறுத்துவது, யாரை நிறுத்துவது, செலவு யார் தலையில் என்பதுதான் அந்தச் சண்டை.

1865: வாந்திபேதி ஏறிய கப்பல்கள்

அந்த ஆண்டு ஹஜ்ஜின்போது வாந்திபேதி (காலரா) வெடித்தது. கூடியிருந்த சுமார் 90,000 பேரில் 15,000 பேர் இறந்ததாக அன்றைய மதிப்பீடு. தப்பியவர்கள் சூயஸ் வழியாக ஊர் திரும்ப, நோய் அலெக்சாந்திரியாவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் மார்செய்க்கும் போய், அங்கிருந்து ஐரோப்பாவெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே இஸ்தான்புல்லில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. நோயின் பிறப்பிடம் இந்தியா, அதைச் சுமந்து செல்வது மனிதர்கள், செங்கடல் வாசலிலேயே அவர்களை நிறுத்த வேண்டும் என்று அது முடிவு செய்தது.

பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு இது கசந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கப்பல் ஒரு நாள் நின்றாலும் வணிகத்துக்கு நட்டம். இந்திய அரசின் சுகாதார ஆணையர் கனிங்ஹாம், காலரா மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது, மண்ணும் காற்றும் தட்பவெப்பமுமே காரணம் என்று பிடிவாதமாகச் சொல்லிவந்தார். 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டு சொன்ன பிறகும் அவர் பக்கம் மசியவில்லை. வணிகக் கணக்குக்கு அறிவியல் வேடம் போட்டால் எத்தனை உயிர் போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியவில்லை.

உதுமானிய அரசின் நிலை இரண்டுங்கெட்டான். முகாம் வைக்காவிட்டால் ஐரோப்பா தூற்றும். வைத்தால் பிரிட்டிஷ் குடிகளின் புனித யாத்திரையைத் தடுப்பதாக பிரிட்டன் புகார் சொல்லும். இஸ்தான்புல் குழுவிலேயே வெளிநாட்டுத் தூதரகப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்தார்கள். இந்த நெருக்கடியில்தான் 1882 வாக்கில் கமரான் முகாம் இயங்கத் தொடங்கியது.

கப்பல் நங்கூரமிட்டதும் பயணிகளைப் படகுகளில் கரைக்கு இறக்குவார்கள். துணிமணியெல்லாம் நீராவிக் கொப்பரைக்குள் போகும்; பயணிகள் குளித்துவிட்டு, ஈரமாகத் திரும்பி வரும் துணிக்காகக் காத்திருக்க வேண்டும். பிறகு ஓலைக் கொட்டகைகளில், சிப்பாய்க் காவலில், பொதுவாகப் பத்து நாள். கப்பலில் வாந்திபேதி கண்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தண்ணீர் உப்புக் கரித்தது. சாப்பாட்டுச் சாமான் விலை கொள்ளை. இத்தனைக்கும் மேலே முகாம் கட்டணம் என்று தலைக்கு ஒரு தொகை. பம்பாயில் டிக்கெட் வாங்கியதோடு கைக்காசு தீர்ந்துபோன ஏழைப் பயணிதான் இதில் நசுங்கினார்.

இந்தக் கொடுமைகளை விசாரித்து எழுதியவர்களில் டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் முக்கியமானவர். இந்திய முஸ்லிம் மருத்துவர். ஜித்தாவில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்தார். 1895-இல் ஜித்தாவுக்கு வெளியே பெடூயின்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கிருமிநீக்க இயந்திரங்கள் மீதும் அப்போது தாக்குதல் நடந்தது. பயணிகளுக்காகப் பேசியவர், பயணிகளை வாட்டிய ஏற்பாட்டின் மீது எழுந்த கோபத்துக்கு நடுவில் மாண்டுபோனார். இரண்டே ஆண்டில், பிளேக் நடவடிக்கைகளின் கெடுபிடி தாளாமல் புனேயில் சாபேகர் சகோதரர்கள் ராண்ட் என்ற அதிகாரியைச் சுட்டார்கள். மக்களைக் கேட்காமல் அவர்கள் வீட்டுக்குள்ளும் உடம்பிலும் கைவைத்த எல்லா அரசும் இந்த எதிர்ப்பைச் சந்தித்திருக்கிறது.

மண்டபத்திலும் அதே கொப்பரை

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கமரான் இருந்தது. கங்காணி அழைத்துப்போக, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சமஸ்தானத்திலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் ஆயிரமாயிரமாகப் போனார்கள். அவர்களை நிறுத்தி வைக்க இலங்கை அரசு தமிழ்நாட்டு மண்ணிலேயே, முதலில் தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் முகாம் நடத்தியது. அங்கேயும் குளியல், நீராவியில் துணி, அம்மை குத்துதல், சில நாள் காவல். 1901-இல் வந்த முறைப்படி, எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்ற எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒவ்வொருவருக்கும் உண்டு. வசதியுள்ள பயணிக்கு இந்தப் பாடு இல்லை. வழியில் ஆகும் செலவு தோட்டக் கடனில் ஏறியது. அதாவது, தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளி.

முதல் உலகப் போரில், 1915-இல், கமரானை பிரிட்டன் பிடித்தது. அதன் பிறகும் முகாம் நடந்தது. 1950-களில்தான் அந்த வேலை சவூதி அரசின் ஜித்தா முகாமுக்குப் போனது. ஹஜ்ஜை வாந்திபேதியிலிருந்து மீட்டதில் கமரானுக்கு ஓரளவு பங்கு உண்டு, மறுக்க முடியாது. நல்ல தண்ணீர், கழிவகற்றல், தடுப்பூசி ஆகியவற்றின் பங்கு அதைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. அவற்றுக்கு அரசு செலவழிக்க வேண்டும். முகாமுக்குப் பயணியே செலவழித்தார். முகாம் முந்திக்கொண்டதற்கு இதுவே பெரிய காரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு பன்னாட்டுச் சுகாதார விதிகள் இந்தப் பழைய அநீதியைத் தொட்டுப் பேசுகின்றன. ஓர் அரசு பயணியைத் தனிமைப்படுத்தச் சொன்னால் அதற்குப் பயணியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அவற்றின் 40-ஆவது பிரிவு. குடியேற வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆனால் 2020 மே மாதம், வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர் ஏழு நாள் சொந்தச் செலவில் தனிமையில் இருக்க வேண்டும் என்றுதான் மத்திய அரசின் நெறிமுறை வந்தது. வேலை போய், சம்பள பாக்கியோடு வளைகுடாவிலிருந்து வந்தவர்களுக்கும் பொது விதி அதுதான். தமிழ்நாட்டில் இலவச அரசு முகாமும் இருந்தது என்பது ஆறுதல். அடுத்த கொள்ளைநோய்க்கான திட்டத்தை எழுதும்போது அந்த இலவச முகாமைப் பொது விதியாகவும் கட்டண விடுதியை விருப்பமாகவும் எழுத வேண்டும்.