வியாபாரியின் பிள்ளை ஏன் சட்டம் படிக்க வேண்டும்?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் எமது வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் போகிறது. பிள்ளை கெட்டித்தனமாக இருந்தால் டொக்டர், இன்ஜினியர். கொஞ்சம் குறைந்தால் கணக்கியல். அதுவும் சரிவராவிட்டால் கடை. சட்டம் என்ற சொல் அபூர்வமாகவே வருகிறது. வந்தாலும், "பொய் சொல்லிப் பிழைக்கும் தொழில்", "லோயர்மார் தேவைக்கு மேல் இருக்கிறார்கள்" என்று இரண்டு வார்த்தையில் முடித்து விடுகிறோம்.

எதற்கும் இலாப நட்டம் பார்க்கும் நாம் இதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். சட்டம் தெரியாததற்காக வியாபாரிகளாகிய நாம் கட்டும் விலை சிறியதல்ல.

கொப்பியில் தூங்கும் கடன்

எமது வியாபாரம் கடனில் ஓடுகிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவர் வெளியூர்க் கடைக்குச் சாமான் அனுப்புகிறார், பில் போடுகிறார், கொப்பியில் எழுதிக்கொள்கிறார். காசு கேட்டால் "நோன்பு முடியட்டும்", "ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும்" என்று தவணை போகிறது. முகத்துக்கு அஞ்சி இவரும் பொறுத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்துச் சட்டத்தரணியிடம் போனால், காலம் கடந்துவிட்டது என்ற பதில்தான் கிடைக்கிறது.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்றுக் கொடுத்த சாமான், கடைப் பில், கொப்பிக் கடன் ஆகியவற்றுக்கு, காசு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம். எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்துக்கு 6 வருடம். கடன்காரர் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ கால எல்லை புதிதாக ஓடத் தொடங்கும். ஒரு தாளும் ஒரு கையொப்பமும் காப்பாற்றியிருக்கக்கூடிய இலட்சங்கள் எமது கொப்பிகளில் எத்தனை செத்துக் கிடக்கின்றன?

கூட்டு வியாபாரத்தைப் பாருங்கள். காக்காவும் தம்பியும், மச்சானும் மச்சானும் "பிஸ்மில்லாஹ்" என்று வாய்ப்பேச்சில் தொடங்குகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவோ, மூலதனம் 1000 ரூபாவுக்கு மேற்பட்டால் பங்காளித்துவம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது. இன்று 1000 ரூபாவுக்கு ஒரு வடைக்கடைகூடப் போட முடியாது. ஆகவே நடைமுறையில் எல்லாக் கூட்டு வியாபாரமும் இதற்குள் வந்துவிடும். எழுத்து இல்லாதவர் "நானும் பங்காளி" என்று நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம். அதே சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, காணி விற்பனை நொத்தாரிஸ் முன் உறுதி எழுதி முடித்தால்தான் செல்லும்.

இது எமக்குப் புதிய பாடமும் அல்ல. குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதுதான்.

வாப்பா மவுத்தான பிறகு வரும் பிரச்சினை வேறு. உயில் இல்லாதவரின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் உயிலில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அவர் சார்ந்த மத்ஹபின்படி பங்கிடப்படும். கடை வாப்பாவின் பெயரில். இருபது வருடம் அதில் உழைத்தவர் மூத்த மகன். அவரது உழைப்பு சம்பளமா, பங்கா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பங்கு பிரிக்க உட்காரும் நாளில் சகோதரர்கள் எதிரிகளாகிறார்கள், நடந்துகொண்டிருந்த கடை பூட்டப்படுகிறது. குடும்பத்தில் சட்டம் படித்த ஒருவர் இருந்திருந்தால், வாப்பா உயிரோடு இருக்கும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டு எழுத வைத்திருப்பார்.

கொழும்பில் படிப்பதால் என்ன நன்மை?

இலங்கைச் சட்டக் கல்லூரி 1874இல் தொடங்கப்பட்டது. அது இருப்பது நாம் புதுக்கடை என்று சொல்லும் ஹல்ஸ்டொர்ப்பில். உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் எல்லாம் அதே சூழலில். வகுப்பில் படித்த பிரிவை, எழும்பி நடந்து போய் வழக்கில் கேட்கலாம். பெரிய சட்டத்தரணிகளின் காரியாலயங்களும் அங்கேயே. 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக வந்த வர்த்தக மேல் நீதிமன்றமும் கொழும்பில்தான். கம்பனித் தகராறு, வங்கிக் கடன், வியாபாரக் குறி வழக்கு என்று எமது தொழிலுக்கு வேண்டியதெல்லாம் அங்கே பேசப்படுகிறது.

அங்கிருந்து புறக்கோட்டைக்கு நடந்தே போகலாம். காலையில் ஒப்பந்தச் சட்டம் படிக்கும் பிள்ளை மாலையில் வாப்பாவின் கடையில் அந்த ஒப்பந்தம் எப்படி முறிகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறது. வெளியூர்ப் பிள்ளைக்குப் போர்டிங் செலவு உண்டு, உண்மைதான். அதைச் செலவாக எழுதாமல் மூலதனமாக எழுதுங்கள்.

எப்படிப் போவது?

உயர்தரம் சித்தியடைந்தவர்கள் நுழைவுப் பரீட்சை எழுதிச் சட்டக் கல்லூரிக்குப் போகலாம். வெட்டுப்புள்ளி கிடைத்தால் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்துக்கோ, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறைகளுக்கோ போகலாம். கடையைப் பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டம் இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. பட்டம் மட்டும் எடுத்தவர் நீதிமன்றத்தில் பேச முடியாது. சட்டக் கல்லூரிப் பரீட்சையும் பயிற்சியும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் சட்டத்தரணி. ஆகவே வெளிநாட்டுச் சட்டப் பட்டம் தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனத்தில் இலட்சக் கணக்கில் கட்டணம் கட்டுமுன், அந்தப் பட்டத்தைச் சட்டக் கல்விப் பேரவை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்துக்கு மட்டுப்படுத்தும் ஒழுங்குவிதியை 2023இல் நாடாளுமன்றம் நிராகரித்தது. அதற்காக ஆங்கிலத்தை அலட்சியம் செய்ய முடியாது. வங்கிக் கடிதமும் இறக்குமதி ஒப்பந்தமும் ஆங்கிலத்தில்தான் எமது மேசைக்கு வருகின்றன.

"கடையை யார் பார்ப்பது?"

இதுதான் பல முதலாளிமாரின் கேள்வி. சட்டம் படித்த எல்லோரும் கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்குப் பேச வேண்டும் என்றில்லை. வங்கியிலும் கம்பனியிலும் சட்ட அதிகாரியாகலாம், கம்பனிச் செயலாளராகலாம், நொத்தாரிஸாகலாம். கடைக்கே திரும்பியும் வரலாம். குத்தகை ஒப்பந்தத்தை வாசித்து விளங்கிக் கையொப்பமிடும் முதலாளிக்கும், நீட்டிய இடத்தில் கையொப்பமிடும் முதலாளிக்கும் உள்ள வித்தியாசம் பத்து வருடத்தில் தெரியும். பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வீட்டிலிருந்தே உறுதி எழுதவும் ஆலோசனை சொல்லவும் முடிந்த தொழில் இது.

பொய் சொல்லும் தொழில் என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. நிறுவையில் மோசடி செய்பவனும் வியாபாரிதான், நாணயமாக நிறுப்பவனும் வியாபாரிதான். தொழிலைக் கெடுப்பது ஆள்.

1905இல், துருக்கித் தொப்பி அணிந்து நீதிமன்றத்தில் தோன்றக் கூடாது என்று யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அப்புக்காத்து எம். சி. அப்துல் காதருக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்த வருடம் டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பின்னர் தடை விலகியது. ஒரு சட்டத்தரணியின் மரியாதை முழுச் சமூகத்தின் மரியாதை என்பதை எமது மூத்தவர்கள் விளங்கியிருந்தார்கள்.

அடுத்த பெறுபேறு வரும்போது, டொக்டர், கணக்கியல், கடை ஆகிய மூன்றோடு சட்டத்தையும் சேர்த்துப் பிள்ளையுடன் பேசிப் பாருங்கள். அதுவரை நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. இன்றிரவு கடை பூட்டுமுன் கடன் கொப்பியைத் திறந்து, ஒரு வருடத்தை நெருங்கும் கணக்குகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். நாளைக்கே அவர்களிடம் ஒரு கையொப்பம் வாங்குங்கள்.