உதிர்ந்த இலையை உணவாக்கும் பூஞ்சைகள்

பிச்சாவரம் அலையாத்திக் காடு, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில். 2022 முதல் ராம்சர் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம்.

இந்தக் காட்டின் கால்வாய்களில் சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை இலைகள் ஆண்டு முழுவதும் உதிர்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இங்கே நிற்பதுதான். புதிதாக விழுந்த இலை இறாலுக்கு எளிதில் செரிக்காது. அதன் செல் சுவரில் இருப்பது செல்லுலோஸ்: ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள், கயிறுபோல் முறுக்கேறி இறுகியவை.

அதை அவிழ்ப்பவை பூஞ்சைகள். அவற்றுக்கு வாயில்லை, நொதிகளை வெளியே சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. செல்லுலேஸ் நொதிகளில் ஒரு வகை சங்கிலியை நடுவில் வெட்டுகிறது. இன்னொரு வகை அறுந்த முனையிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றுகிறது. மூன்றாவது அந்த இணையைப் பிரிக்கிறது. தனித்தனியே செய்வதைவிடச் சேர்ந்து செய்யும்போது வேலை பல மடங்கு விரைகிறது. இந்தக் காட்டில் நாம் காண முடியாத பெரும் உழைப்பு இதுவே. பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்த இலைத்துகளில் புரதம் கூடுகிறது. நண்டும் இறாலும் அதைத் தேடி உண்கின்றன.

இதே நொதிகள் காட்டுக்கு வெளியேயும் வேலை செய்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை மட்கச் செய்தது டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சை. இன்று அதன் செல்லுலேஸ், ஆலைகளில் ஜீன்ஸ் துணியை மென்மையாக்கப் பயன்படுகிறது.

பிச்சாவரத்திலோ, சேற்றின் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. அங்கே பெரும்பாலான பூஞ்சைகள் செயல்படுவதில்லை. மட்காத வேரும் இலையும் அடியில் தங்க, அவற்றின் கார்பன் நெடுங்காலம் மண்ணிலேயே இருக்கிறது.