ஐந்து எழுத்துக்கு ஆறு ஆண்டுகள்

இணையத்தின் பெயர்ப் பலகைகள் – 17

2008 ஆகஸ்ட். பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடங்கும் நேரம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பல நாட்டு ரசிகர்கள் டிக்கெட் வரும் வரும் என்று காத்திருந்தார்கள். வரவே இல்லை. ‘பெய்ஜிங்டிக்கெட்டிங் டாட் காம்’ என்ற தளத்தில் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தவர்கள் இவர்கள். தளம் பார்வைக்கு அசல் போலவே இருந்தது. பெயரில் பெய்ஜிங் இருந்தது, டிக்கெட் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று நம்பிவிட்டார்கள். பணத்தைத் தொலைத்தவர்களில் ஒலிம்பிக் வீரர்களின் பெற்றோரும் உண்டு. பெற்ற பிள்ளை ஒலிம்பிக்கில் களமிறங்குவதை நேரில் பார்க்க எத்தனை வருடம் சேர்த்து வைத்திருப்பார்கள்! சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியும் நீதிமன்றத்துக்குப் போயின. போட்டி நெருங்கிவிட்ட நிலையில், வழக்கு போட்டு யாருக்கும் இருக்கை வாங்கித் தர முடியவில்லை.

டாட் காம் முகவரியை விற்பவர், வாங்குபவர் யார் என்று கேட்பதில்லை. முதலில் கேட்டவருக்குப் பெயர் சொந்தம். கடைசியில் உள்ள ‘காம்’ என்ற பகுதி, அந்தத் தளத்தை நடத்துபவர் யார் என்பது பற்றி நமக்கு ஒரு தகவலும் தருவதில்லை.

அந்தக் கடைசிப் பகுதியிலேயே ஒரு தகவல் இருந்தால்? ‘டாட் ஸ்போர்ட்’ என்று முடியும் முகவரியைக் கண்டதும், இதை வைத்திருப்பவருக்கும் விளையாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்கிறது, அதை யாரோ ஒருவர் பொறுப்பேற்றுக் கவனிக்கிறார் என்று நம்ப முடிந்தால்? இந்த வாரம் சொல்லப்போவது அந்தப் பின்னொட்டு பிறந்த கதை.

ஓர் அடிப்படையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். நாம் முகவரியை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கணினி வலப்பக்கத்திலிருந்து தேடத் தொடங்குகிறது. ‘வேர்ல்டுஆர்ச்சரி.ஸ்போர்ட்’ என்று நீங்கள் தட்டினால், பின்னொட்டுகளின் தலைமைப் பட்டியலை வைத்திருக்கும் ரூட் சர்வரிடம் போகும் கேள்வி, ‘ஸ்போர்ட் யாருடைய பொறுப்பில் இருக்கிறது?’ என்பதுதான். ரூட் சர்வர் அந்தப் பின்னொட்டை நடத்தும் பதிவகத்தின் கணினியைக் காட்டும். அங்கே போய் ‘வேர்ல்டுஆர்ச்சரி எங்கே?’ என்று கேட்டால், அந்தத் தளத்துக்கு வழி கிடைக்கும். ரூட் பட்டியலில் ஒரு பின்னொட்டு ஏறாதவரை உலகத்தில் எந்தக் கணினிக்கும் அது தெரியாது. ஏறிவிட்டால், அதன் கீழ் வரும் அத்தனை பெயர்களுக்கும் அந்தப் பதிவகமே வாசல். யாரை உள்ளே விடலாம், யாரை வெளியேற்றலாம் என்பது அவர்கள் கையில். அதனால்தான் இந்த ஐந்து ஆங்கில எழுத்துகளுக்கு அத்தனை அடிதடி.

2012 ஜனவரியில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு புதிய பின்னொட்டுகளுக்குக் கதவு திறந்ததையும், ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர் கட்டணம் வைத்ததையும் முன்பே பார்த்தோம். ஜூன் 13 அன்று லண்டனில் பட்டியல் வெளியானபோது மொத்தம் 1,930 விண்ணப்பங்கள். அவற்றில் ‘ஸ்போர்ட்’ என்ற சொல்லைக் கேட்டவர்கள் இருவர்.

ஒருவர் ‘ஸ்போர்ட்அக்கார்ட்’. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருந்த அமைப்பு. கால்பந்து, நீச்சல், ஜூடோ, வில்வித்தை என்று உலகச் சம்மேளனங்கள் பலவும் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு, 1967ல் தொடங்கியது. ஒலிம்பிக்கில் இடம் கிடைத்த ஆட்டமும் உண்டு, கிடைக்காத ஆட்டமும் உண்டு. ‘நாங்கள் ஒரு சமூகத்தின் சார்பில் கேட்கிறோம்’ என்று சமூக விண்ணப்பமாகவே அவர்கள் போட்டிருந்தார்கள்.

இன்னொருவர் ‘டாட் ஸ்போர்ட் லிமிடெட்’. ஜிப்ரால்டரில் பதிவான நிறுவனம். பின்னணியில் ‘ஃபேமஸ் ஃபோர் மீடியா’. ஏறத்தாழ 60 பின்னொட்டுகளுக்கு அந்தக் குழுமம் விண்ணப்பித்திருந்தது. பெயர்களை மொத்தமாக எடுத்து, யார் கேட்டாலும் சில்லறையாக விற்பது அவர்கள் தொழில். சட்டப்படி தவறு எதுவும் இல்லை. ஆனால் இதே குழுமம் மலிவு விலையில் விற்ற ‘டாட் லோன்’, ‘டாட் மென்’ போன்ற பின்னொட்டுகள், குப்பை மின்னஞ்சலைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் மோசமான பின்னொட்டுகள் பட்டியலில் பிற்பாடு இடம்பெற்றன. விளையாட்டின் பெயரும் அந்த வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சூதாட்டம், போலி டிக்கெட், ஊக்கமருந்து விற்பனை என்று விளையாட்டை ஒட்டிப் பிழைக்கும் கும்பல்களுக்கு ‘டாட் ஸ்போர்ட்’ போல வாகான முகவரி வேறு கிடைக்குமா?

இருவர் கேட்டு, இருவரும் விட்டுக்கொடுக்காவிட்டால் ஏலம் என்பது ஐகேனின் கடைசி வழி. ‘டாட் ஆப்’ பின்னொட்டை 2015ல் கூகுள் 2.5 கோடி டாலருக்கு எடுத்தது இந்த வழியில்தான். அந்த மேடையில் பணக்காரருக்குத்தான் பெயர். ஆகவே ஸ்போர்ட்அக்கார்ட் வேறு வழியை நாடியது. ‘இந்தப் பெயர் எங்கள் சமூகத்துக்கு உரியது, மற்றவர் கைக்குப் போனால் எங்களுக்குக் கேடு’ என்று ஆட்சேபம் எழுப்ப விதியில் இடம் இருந்தது. விசாரிப்பவர், பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை நியமிக்கும் நிபுணர். சமூகம் என்று ஒன்று தெளிவாக இருக்கிறதா, கணிசமான எதிர்ப்பு உண்டா, பெயருக்கும் சமூகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டா, பாதிப்பு நேருமா என்ற நான்கையும் நிரூபிக்க வேண்டும். எளிதான காரியம் இல்லை. விளையாடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களே, அவர்களை ஒரு சமூகம் என்று எப்படிச் சொல்வது என்று எதிர்த்தரப்பு கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தெருவில் பந்து தட்டும் பையனிலிருந்து உலகக் கோப்பை வரை கிளப், மாவட்டம், மாநிலம், தேசம், சர்வதேசச் சம்மேளனம் என்று படிப்படியாக அமைந்த ஒழுங்கு விளையாட்டுக்கு உண்டு. இவ்வளவு தெளிவாக அமைந்த சமூகம் அந்த 1,930 விண்ணப்பங்களிலும் அதிகம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

2013 அக்டோபரில் நிபுணர், அர்ஜென்டினா வழக்கறிஞர் கீடோ தாவில், ஆட்சேபத்தை ஏற்றார். ஸ்போர்ட்அக்கார்ட் வென்றது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

தோற்ற நிறுவனம் சில விவரங்களைத் தேடி எடுத்தது. 2011 பிப்ரவரியில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஒரு சட்ட மாநாட்டில், பெரிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தும்போது வரும் தகராறுகளைத் தீர்ப்பது பற்றிய அமர்வில் தாவில் பங்கேற்றிருந்தார். அவருடைய சட்ட அலுவலகத்தின் வாடிக்கையாளர்களில் ஒன்று டைரெக்டிவி என்ற தொலைக்காட்சி நிறுவனம். அதன் துணை நிறுவனத்துக்கு 2014ல் ஒலிம்பிக் ஒளிபரப்பு உரிமை கிடைத்தது. இவற்றை முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டாமா என்பது அவர்களின் கேள்வி. முதலில் ஐகேனின் குறைதீர்ப்பாளரிடம் போனார்கள், ஐகேனிடமே மறுபரிசீலனை கேட்டார்கள். எதுவும் பலிக்காமல், 2015ல் சுயேச்சையான மறுஆய்வுக் குழுவுக்குப் போனார்கள்.

அந்த நிறுவனத்தின் நோக்கம் எனக்கு உவப்பானது இல்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. பெயர் விளையாட்டுச் சமூகத்துக்குத்தான் போக வேண்டும் என்று எவ்வளவு உறுதியாக நினைத்தாலும், அதைத் தீர்மானிக்க உட்கார்ந்தவர் தன் தொடர்புகளை மேசைமேல் வைக்க வேண்டும். நடுவர் மேல் சந்தேகம் விழுந்த வெற்றியை எந்த விளையாட்டு வீரரும் முழு மனதோடு கொண்டாட மாட்டார்.

2017 ஜனவரி 31 அன்று குழு முடிவு சொன்னது. தாவில் பாரபட்சம் காட்டினார் என்று அது சொல்லவில்லை. அப்படி ஒரு புகார் வந்தபோது ஐகேன் நிர்வாகக் குழு அதை உள்ளே இறங்கிப் பார்க்கவில்லை, அது ஐகேனின் சொந்தச் சட்டவிதிகளுக்கே முரண் என்றது. ‘கோப்பைத் திறந்து மீண்டும் பாருங்கள்’ என்று அனுப்பிவிட்டது.

இதற்கிடையில் லொசானில் வீடே ஆட்டம் கண்டுவிட்டது. 2015 ஏப்ரலில், ரஷ்யாவின் சோச்சியில் நடந்த மாநாட்டு மேடையில், ஸ்போர்ட்அக்கார்ட் தலைவர் மரியஸ் வைசர் ஒலிம்பிக் கமிட்டியை அதன் தலைவர் தாமஸ் பாக் எதிரிலேயே கடுமையாகச் சாடினார். கேட்டுக்கொண்டிருந்த சம்மேளனங்கள் பல அதிர்ந்தன. தடகளச் சம்மேளனம் தொடங்கி ஒவ்வொருவராக உறவை முறித்துக்கொண்டார்கள். மே 31 அன்று வைசர் பதவி விலகினார். சமூகத்தின் சார்பில் பெயர் கேட்ட அமைப்பிலிருந்து சமூகமே வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆட்சேப விசாரணை 2013ல் நடக்காமல் 2015 கோடையில் நடந்திருந்தால் எதிர்த்தரப்புக்கு வேறு ஆதாரமே தேவைப்பட்டிருக்காது.

அமைப்பைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் பேட்ரிக் பௌமன். 2016ல் தலைவரானார். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் பொதுச்செயலாளரும் அவரே. இணையப் பெயருக்கான சண்டை அவருக்குப் புதிதில்லை. ‘டாட் பாஸ்கெட்பால்’ பின்னொட்டுக்காக ஃபீபா இதே போன்று போராடி ஜெயித்திருந்தது. உலக ரக்பி அமைப்பு ‘டாட் ரக்பி’யை அப்படியே பெற்றது. 2017ல் ஸ்போர்ட்அக்கார்ட் தன் பழைய பெயரான ‘கெய்ஸ்ஃப்’ஐ மீண்டும் சூட்டிக்கொண்டது. ஐகேனுக்குத் திரும்பிய விவகாரம் கடைசியில் இவர்கள் பக்கமே முடிய, அந்த ஆண்டு நவம்பரில் ஐகேனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2018 ஜனவரியில் ‘ஸ்போர்ட்’ ரூட் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு அக்டோபரில், இளையோர் ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்த புவனஸ் அயர்ஸில், பௌமன் மாரடைப்பால் இறந்தார். வயது 51.

‘டாட் ஸ்போர்ட்’ பின்னொட்டைத் திறந்த கடையாக கெய்ஸ்ஃப் தொடங்கவில்லை. பதிவு விதிகளைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நிபந்தனை: கேட்கும் பெயர், கேட்பவரின் பங்குக்கும் முக்கியத்துவத்துக்கும் பொருந்த வேண்டும். ஒரு நகரத்து நீச்சல் பயிற்சிக்கூடம் தன் சொந்தப் பெயரில் முகவரி வாங்கலாம். ‘நீச்சல்’ என்ற பொதுப்பெயரை மொத்தமாகக் கேட்க முடியாது. பதிவு செய்யும்போது மட்டும் நல்லெண்ணம் இருந்தால் போதாது, பின்னாலும் இருக்க வேண்டும். பயன்பாடு மாறினால் பெயரைத் திரும்ப எடுக்கலாம். பெய்ஜிங் டிக்கெட் கும்பலுக்கு இந்த வாசலில் நுழைவு அவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது.

யார் வந்தார்கள் என்று பார்த்தால் எனக்கு ஒன்று படுகிறது. பெரிய ஆட்டங்களைவிட, தொலைக்காட்சியில் அதிகம் தலைகாட்டாத ஆட்டங்களே இதை ஆசையோடு எடுத்துக்கொண்டிருக்கின்றன. ‘ஃப்ளோர்பால்.ஸ்போர்ட்’ என்பது ஃப்ளோர்பால் சம்மேளனத்தின் முகவரி. ‘முய்தாய்.ஸ்போர்ட்’ தாய்லாந்தின் குத்துச்சண்டைக் கலைக்கு. உலக லக்ராஸ் அமைப்பும் பார்வையற்றோர் விளையாட்டுச் சம்மேளனமும் இங்கே குடியேறியிருக்கின்றன. உலக வில்வித்தைச் சம்மேளனமும் பழைய முகவரியை விட்டு இங்கே வந்துவிட்டது. பரிசுப் பணமும் விளம்பரமும் குறைந்த ஆட்டத்துக்கு, ‘நாங்கள்தான் அசல்’ என்று சொல்ல ஒரு முகவரி கிடைப்பது பெரிய விஷயம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் முகவரியும் ‘டாட் ஸ்போர்ட்’ என்றே முடிகிறது. நிர்வாகச் சீர்கேடு காரணமாக 2023ல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. முகவரி அப்படியேதான் இருந்தது. தளம் விளையாட்டுக்காரருடையது என்று பின்னொட்டு சொல்லும். அந்த விளையாட்டுக்காரர் நேர்மையானவர் என்று உறுதி தராது. பதிவகத்தின் வேலை சங்க அரசியலைத் தீர்ப்பது இல்லை, அதை அவர்களிடம் எதிர்பார்ப்பதும் தவறு. கெய்ஸ்ஃப் அமைப்பைக் கலைக்க 2022ல் முடிவானபோது, பின்னொட்டின் பொறுப்பு, அதன் முந்தைய பெயரையே கொண்ட, மாநாடு நடத்தும் தனி அமைப்பான ஸ்போர்ட்அக்கார்டிடம் போனது. அமைப்புகள் கலையும், கூடும். பெயரை விளையாட்டு உலகம் கைநழுவ விடவில்லை.

நம் ஊர் ரசிகருக்கு உறைக்க வேண்டிய செய்தி இனிமேல்தான். ‘டாட் கிரிக்கெட்’ என்றொரு பின்னொட்டு இருக்கிறது. அது சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலிடம் இல்லை, இந்திய வாரியத்திடமும் இல்லை. அதே ஜிப்ரால்டர் குழுமம் ‘டாட் கிரிக்கெட் லிமிடெட்’ என்று ஒரு நிறுவனம் வைத்து அதை வாங்கியது. கூடைப்பந்துக்கும் ரக்பிக்கும் நடந்தது போன்ற போராட்டம் எதுவும் இல்லாமலே அது கைமாறியது. உலகின் பணக்கார கிரிக்கெட் வாரியமான நம் வாரியத்தின் தளம் ‘டாட் டிவி’ என்று முடிகிறது. அது பசிபிக் கடலில் உள்ள துவாலு என்ற குட்டித் தீவு நாட்டுக்கு ஒதுக்கிய பின்னொட்டு. பெங்களூருவில் உள்ள கர்நாடக மாநில கிரிக்கெட் சங்கம் ‘டாட் கிரிக்கெட்’ முகவரி வைத்திருக்கிறது. அந்த முகவரியை யாருக்குக் கொடுக்கலாம், என்ன விதியில் கொடுக்கலாம் என்று சொல்லும் உரிமை மட்டும் எந்தக் கிரிக்கெட் அமைப்பிடமும் இல்லை. 1,85,000 டாலர் கிரிக்கெட்டுக்கு ஒரு தொகையா? ஒரே ஒரு ஐபிஎல் ஆட்டத்தின் ஒளிபரப்புப் பணத்தில் அது எந்த மூலைக்கு! கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஐகேன் அடுத்த விண்ணப்பச் சுற்றை 2026 ஏப்ரலில் திறப்பதாக அறிவித்தது. கட்டணம் 2,27,000 டாலர். சமூகத்தின் சார்பில் கேட்பவருக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு இந்தச் சுற்றிலும் உண்டு. கபடி என்ற பெயரில் இதுவரை பின்னொட்டு எதுவும் இல்லை. தமிழ்நாடு தொடங்கி ஈரான், வங்கதேசம் வரை ஆடும் ஆட்டம். 1990லிருந்து ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டம். தொழில்முறை லீக் வந்து, தொலைக்காட்சிப் பணமும் வந்தாயிற்று. அதன் பெயரைக் கேட்க வேண்டியவர்கள் கபடிச் சம்மேளனத்தார். கேட்கும் முன் தங்களுக்குள் உள்ள பிணக்குகளை முடித்துக்கொண்டு ஒரே குரலில் போக வேண்டும். சோச்சியில் நடந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

(தொடரும்)