பட்டறை வெங்காயமும் பீர் விளையாட்டும்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் போனால் வயலோரத்தில் சின்ன வெங்காயப் பட்டறைகளைப் பார்க்கலாம். காற்று புக வழிவிட்டு அடைத்து, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். நல்ல விலை வரும்வரை காத்திருக்கவும், அடுத்த நடவுக்கு விதை வைத்துக்கொள்ளவும் இதுதான் ஏற்பாடு.

2019 டிசம்பரில் வெங்காய விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. இப்படி விலை ஏறும்போது கையில் சரக்கு இருப்பவர் சிலர், அதைப் பார்த்து நடுபவர் பலர். நட்டதெல்லாம் ஏறத்தாழ இரண்டரை மாதம் கழித்து மொத்தமாகச் சந்தைக்கு வரும். விலை சரியும். மறு போகம் பாதிப் பேர் மக்காச்சோளத்துக்கோ பருத்திக்கோ போய்விட, விலை மறுபடி ஏறும்.

இதில் முட்டாள் யாரும் இல்லை. தனித்தனியே பார்த்தால் எல்லோரும் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள்.

மேலாளர்களுக்கு இந்த ஏற்ற இறக்கத்தைப் புரியவைக்கவே ஒரு விளையாட்டு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் 1960 வாக்கில் உருவாக்கிய பீர் விளையாட்டு அது. (பெயரில்தான் பீர், மேசையில் கிடையாது.) சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. ஆர்டர் சீட்டு மட்டுமே போகும். கேட்ட சரக்கு சில வாரம் தாமதித்தே வரும். வரவில்லையே என்று கடைக்காரர் கூட்டிக் கேட்பார், அடுத்தவர் இன்னும் கூட்டிக் கேட்பார். கடைசியில் ஆலையில் சரக்கு மலையாகக் குவியும். வாடிக்கையாளர் எவ்வளவு வாங்கியிருப்பார் என்று கேட்டால், பெரும்பாலோர் ஏறி இறங்கும் அலையாக வரைகிறார்கள். நடந்தது வேறு: வாரம் நாலு பெட்டி வாங்கியவர் ஒரே ஒருமுறை எட்டுக்கு மாறினார், அப்புறம் மாறவே இல்லை. 1990-இல் பீட்டர் செங்கே எழுதிய நூல் இதை உலகெங்கும் நிறுவனங்களுக்குள் கொண்டுசேர்த்தது. ஆளைத் திட்டாமல் தாமதத்தைத் தேடு என்பதே, முழுச் சங்கிலியையும் சேர்த்துப் பார்க்கும் அமைப்புச் சிந்தனையின் முதல் பாடம்.

டெல்லிக்கும் இந்தப் பாடம் தேவை. 2019 செப்டம்பரில் போட்ட வெங்காய ஏற்றுமதித் தடை 2020 மார்ச்சில்தான் நீங்கியது. 2023 டிசம்பரில் வந்தது 2024 மே வரை நீடித்தது. பெல்லாரி எனப்படும் பெரிய வெங்காயத்தின் விலைக்காகப் போட்ட தடை சின்ன வெங்காயத்தையும் சேர்த்தே கட்டிப்போட்டது. விலை ஏறும்போது போடுகிற தடை, புது மகசூல் வந்து விலை இறங்கும்போதும் நிற்கிறது.

வெங்காயத்துக்கு மட்டுமல்ல, பக்கத்து மாவட்டமான அரியலூரில் சிமென்ட் விற்கும் டீலருக்கும் இதே சங்கிலிதான், அதே தாமதம்தான். இரு மாவட்டங்களிலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிற மேலாளர்கள், பீருக்குப் பதில் வெங்காய மூட்டை என்று வைத்து ஒரு மதியம் ஆடிப்பார்க்கலாம். ஆர்டர் எழுத நாலு தாள், மூட்டைக்குப் புளியங்கொட்டை. வேறு செலவில்லை.