பிரம்பும் பிள்ளையும்

பழைய மாணவர் ஒன்றுகூடுமிடத்துத் தாம் பெற்ற பிரம்படிகளைப் பெருமையுடன் எண்ணிச் சொல்லும் வழக்கம் உண்டு. அவ்வடி இல்லையேல் இந்நிலைக்கு வந்திரோம் என்பர். அவர்தம் நன்றியுணர்வைக் குறைகூற யாம் வந்தோமல்லோம். ஆயின், அடி தாங்காது ஏழாம் வகுப்புடன் நின்றுவிட்டவர் ஒன்றுகூடலுக்கு வருவதில்லை. அவர் கதை மலர்களில் ஏறுவதுமில்லை.

ஆசிரியர் தம் தற்றுணிபை நியாயமாகப் பயன்படுத்தி மாணவனை அடித்தல் குற்றமாகாதென 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஓர் உதாரணத்தால் விளக்கிற்று. ‘அடியாத மாடு படியாது’ என்னும் நம் பழமொழிக்கும் ஆங்கிலேயர் வகுத்த சட்டத்துக்கும் இவ்விடயத்தில் நல்ல ஒற்றுமை! நன்னூலாரோ நல்லாசிரியர்க்கு உவமையாக நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றையே கூறினார். அங்குள்ள கோல் துலாக்கோல், பிரம்பன்று.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் உறுதிசெய்தது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித மாண்புக்கு இயைந்திருத்தல் வேண்டும் என்பது அதன் 28ஆம் உறுப்புரை. 1995இல், தம் பொறுப்பிலுள்ள 18 வயதுக்குட்பட்டோரைக் கொடுமைப்படுத்தல் தனிக்குற்றமாயிற்று. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைத் தோற்றுவித்தது. 2005இல் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிற்று. சுற்றுநிருபங்கள் கோப்புகளில் உறங்குதல் யாவரும் அறிந்ததே. எனினும், ஆசிரியர் அறைந்தமையாற் செவிப்புலன் கெட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியதெனத் தீர்த்து, நட்டஈடும் விதித்தது. சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் எதிரான உறுப்புரை அது.

யாம் பணியேற்ற புதிதில் எம் மேசையிலும் பிரம்பு கிடந்தது. நாள்தோறும் பிந்திவந்த மாணவன் ஒருவனைப் பன்முறை அடித்தோம். அவன் கையை நீட்டினானேயன்றிக் காரணம் உரைத்தானல்லன். கழுத்தோரத்துத் தழும்பு கண்டு வினவியபோதும், “விழுந்துவிட்டேன், சேர்” என்றான். குடித்துவந்து அடிக்கும் சிறிய தந்தைக்கு அஞ்சி, அவர் வேலைக்குப் புறப்படும்வரை அயல்வீட்டில் ஒளிந்திருந்தே பாடசாலைக்கு வந்தான் என்பதை அவன் பள்ளியை விட்டபின்னரே அறிந்தோம். வீட்டில் அடிபட்டவன், அடிக்கும் கையையுடைய எம்மிடம் அதனை எவ்வாறு உரைப்பான்?

பிள்ளை வாய்திறந்து சொல்லுமாயின் குறுக்கிடாது கேட்க. ஒருவர்க்கும் சொல்லேன் என வாக்களியாதொழிக. பலர் முன்னிலையில் மீள மீள வினவற்க. ‘குடும்ப மானம்’ என்று அயலார் தடுப்பர். அதனைப் பொருட்படுத்தாது அதிபருக்கும், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவித்தல் வேண்டும். 1929 என்னும் தொலைபேசி இலக்கத்திற் பிள்ளையே பேசலாம், தமிழிலும் பேசலாம். அவ்விலக்கத்தை எம் வகுப்பறைக் கரும்பலகையின் மேல்மூலையில் எழுதி வைத்துள்ளோம். அழிக்க வேண்டாமென வகுப்புத் தலைவனுக்குச் சொல்லியிருக்கிறோம்.