கடல் சூழ்ந்த காவல்: சிறு தீவுகளில் மலேரியா ஒழிப்பும் மக்களின் உரிமையும்

மலேரியாவை ஒரு நிலப்பரப்பிலிருந்து முற்றிலும் ஒழிக்க முடியுமா என்ற கேள்விக்குச் சிறு தீவுகளே தெளிவான விடைகள் சிலவற்றைத் தந்துள்ளன. அங்கே மக்கள்தொகை எண்ணி முடிக்கக்கூடிய அளவில் இருக்கிறது. உள்ளே வரும் வழிகள் படகுத்துறை, விமான இறங்குதளம் என ஒன்றிரண்டாக நின்றுவிடுகின்றன. நோயைப் பரப்பும் கொசு இனங்களும் பெருநிலத்தைவிடக் குறைவு. ஆனால் நோய் ஒழிந்தபின் தீவு மக்களிடையே மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் மெல்லக் குறைந்துவிடுவதால், ஒட்டுண்ணியைத் தாங்கிய ஒரே ஒரு பயணி வந்து இறங்கினாலும் ஊர் முழுவதும் காய்ச்சலில் விழக்கூடிய நிலை உருவாகிறது. மருந்தையும் கொசுவலையையும் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிடலாம். ஆண்டுக்கணக்கில் நீள வேண்டிய விழிப்பை அப்படி இறக்க முடியாது. அவ்விழிப்பைத் தீவின் மக்களிடம் எதிர்பார்க்கும் அரசு, அவர்களுக்குரிய தகவலையும் பாதுகாப்பையும் இடையறாத மருத்துவச் சேவையையும் உறுதிசெய்யக் கடமைப்பட்டுள்ளது.

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. அதை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டுசெல்வது பெண் அனாபிலிஸ் கொசு. மனிதரைத் தாக்கும் வகைகளில் ஃபால்சிபாரம் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிரைப் பறிக்க வல்லது. வைவாக்ஸ் அந்த அளவுக்குக் கொடியதன்று எனப் பொதுவாகக் கருதப்பட்டாலும், ஒழிப்புப் பணிக்கு அதுவே பெரிய தடை. ஏனெனில் அதன் ஒரு பகுதி கல்லீரலுக்குள் உறங்குநிலையில் தங்கி, ரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணிகள் அழிந்து நோயாளி நலமடைந்த பிறகும், வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்தெழுந்து காய்ச்சலை மீண்டும் கொண்டுவரும். காய்ச்சலின்றி நடமாடுபவரின் ரத்தத்திலும் ஒட்டுண்ணி குறைந்த அளவில் இருக்கலாம் என்பதால், நோயாளிகளை மட்டும் தேடிச் சிகிச்சை அளிப்பது பல இடங்களில் போதாமற்போகிறது. எனவேதான், நோய்க்குறி உண்டா இல்லையா என்று பாராமல் ஓர் ஊரிலுள்ள அனைவருக்கும் ஒரே காலத்தில் மருந்து கொடுக்கும் முறை சில இடங்களில் கைக்கொள்ளப்படுகிறது. இது கூட்டு மருந்தளிப்பு எனப்படும்.

இம்முறை முழு வெற்றி கண்ட இடங்களில் ஒன்று, பசிபிக் பெருங்கடலில் உள்ள வனுவாட்டு நாட்டின் தென்கோடித் தீவான அனெய்ட்யூம். அனாபிலிஸ் கொசுவின் பரவல் பசிபிக்கில் வனுவாட்டோடு நின்றுவிடுகிறது; அதற்குக் கிழக்கிலுள்ள ஃபிஜியில் இந்தக் கொசு இல்லை, ஆகவே மலேரியாவும் இல்லை. அந்த எல்லையை ஒட்டிக் கிடக்கும் அனெய்ட்யூமில் நோயைப் பரப்புவது அனாபிலிஸ் ஃபராட்டி என்ற ஒரே இனந்தான். 1991-இல், மழைக்காலம் தொடங்குமுன், தீவின் மக்கள் 718 பேருக்கும் குளோரோகுயின், சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின், பிரைமாகுயின் ஆகிய மருந்துகளைக் கொண்ட சிகிச்சை வாரந்தோறும் ஒன்பது வாரங்களுக்கு அளிக்கப்பட்டது. அதே வேளையில் பூச்சிக்கொல்லியில் நனைத்த கொசுவலைகள் அனைவருக்கும் வழங்கப்பட்டன. கொசு முட்டையிடும் நீர்நிலைகளில், புழுக்களைத் தின்னும் மீன்கள் விடப்பட்டன.

காய்ச்சலோ நடுக்கமோ இல்லாத ஒருவர், தம் உடலில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்பதே தெரியாத நிலையில், வாரந்தோறும் மாத்திரை விழுங்க முன்வர வேண்டும். குமட்டலும் தலைச்சுற்றலும் நேர்ந்தாலும் அடுத்த வாரமும் வர வேண்டும். அதன் பயன் அவரைவிட அண்டை வீட்டுக் குழந்தைக்கே முதலில் கிடைக்கக்கூடும். வற்புறுத்தலால் ஒரு வாரம் வேண்டுமானால் இது நடக்கலாம், ஒன்பது வாரம் நடக்காது. அனெய்ட்யூமில் மருந்து உட்கொண்டோர் அளவு 88.3 விழுக்காடாக இருந்தது என்பது அம்மக்கள் காரணத்தை உணர்ந்து ஈடுபட்டதற்குச் சான்று. மருந்தளிப்பு முடிந்தவுடன் ஃபால்சிபாரம் முற்றிலும் மறைந்தது. பிடிவாதம் மிக்க வைவாக்ஸ் 1996 முதல் காணப்படவில்லை. ஜப்பானிய ஆய்வாளர் அகிரா கனெகோவும் அவருடன் பணியாற்றியோரும் 2000-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த முடிவுகளை வெளியிட்டபோது, உள்ளூர் மக்களின் ஈடுபாட்டை வெற்றியின் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டனர்.

ஆயினும் 2002 ஜனவரியில் அத்தீவில் வைவாக்ஸ் மீண்டும் தலைகாட்டியது. அவ்வாண்டு ஜூலையில் தீவின் 759 பேரின் ரத்தமும் நுண்ணோக்கியில் சோதிக்கப்பட்டபோது 22 பேரிடம் ஒட்டுண்ணி காணப்பட்டது. அவர்களுள் 20 பேர் 1991-க்குப் பின் பிறந்தவர்கள், அதாவது மலேரியாவை அறியாமலே வளர்ந்த குழந்தைகள். எஞ்சிய இருவரும் 1982-க்கும் 1991-க்கும் இடையில் பிறந்தவர்கள். 1982-க்கு முன் பிறந்த 335 பேரில் ஒருவரிடமும் நுண்ணோக்கி எதையும் காட்டவில்லை. இதைவிட நுட்பமான மரபணுப் பரிசோதனையோ எல்லா வயதினரிடையேயும் சேர்த்து 77 பேரிடம் தொற்று இருப்பதைக் காட்டியது. தேர்ந்த கண்களும் நுண்ணோக்கியும் தவறவிடும் தொற்றுகள் இத்தனை உண்டு என்பதும், நோய் நீங்கியபின் பிறந்த தலைமுறையே முதலில் அடிபடும் என்பதும் இந்த எண்களிலிருந்து தெரிகின்றன. நோய் ஒழிந்துவிட்டதென்று ஆய்வுக்கூடத்தை மூடுவதும் பணியாளரை வேறிடத்துக்கு மாற்றுவதும் அந்தக் குழந்தைகளுக்கு இழைக்கப்படும் அநீதி.

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்பகுதியிலுள்ள கொமொரோஸ் தீவுகளின் அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. அங்கே 2007-இல் மொஹேலித் தீவிலும் பின்னர் மற்ற தீவுகளிலும் கூட்டு மருந்தளிப்பு நடந்தது. 2010-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2014-இல் சுமார் இரண்டாயிரமாகச் சரிந்தது. சில ஆண்டுகளுக்குள் அது மீண்டும் ஏறத் தொடங்கியது.

கூட்டு மருந்தளிப்பில் உள்ள ஆபத்துகளை மறைப்பது மக்களின் நம்பிக்கையைக் குலைக்கும். கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸை அழிக்க வல்ல பிரைமாகுயின், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். இந்த நொதி, சிவப்பணுக்களைச் சிதைவிலிருந்து காப்பது. இதன் குறைபாடு தாய்வழியே ஆண்மக்களிடம் மிகுதியாக வெளிப்படும். மலேரியா நெடுங்காலம் நிலவிய பகுதிகளில் பரவலாகவும் காணப்படும். மருந்து உட்கொண்ட சில நாட்களில் சிறுநீர் கரும்பழுப்பு நிறமாவதும், கண் மஞ்சளாவதும், மூச்சு வாங்குவதும் ஆபத்தின் அறிகுறிகள். அவை தோன்றினால் மருந்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கும் இம்மருந்து தரலாகாது.

ஆகவே மாத்திரையை நீட்டும் பணியாளரிடம் சில கேள்விகளைக் கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கொடுக்கப்படுவது என்ன மருந்து, எதற்காக, பக்கவிளைவு நேர்ந்தால் யாரிடம் செல்வது, ஜி6பிடி சோதனை செய்யப்பட்டதா என்பனவற்றுக்குத் தாய்மொழியில் விடை கிடைத்தாக வேண்டும். விளக்கத்தைக் கேட்டபின் மறுப்பதும் அந்த உரிமையில் அடங்கும். மறுத்தவருக்கு ரேஷன், வேலை, மருத்துவம் ஆகிய எதையும் தடுப்பது அறமாகாது. ஊரைக் கூட்டிக் கலந்து பேசாமல் வெளியூரில் வகுத்த திட்டத்தை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் அதிகாரிகள், மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று பின்னர் குறைகூறுவதில் நியாயமில்லை.

தமிழ் வாசகருக்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டு இலங்கை. அது சிறு தீவன்று. ஆனாலும் தீவுகள் கற்க வேண்டிய பாடங்கள் பலவும் அதன் வரலாற்றில் பதிந்துள்ளன. 1934-35-இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் அங்கே சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. டிடிடி பூச்சிக்கொல்லித் தெளிப்பின் பயனாக 1963-இல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டுமே நோய் பதிவானது. வெற்றி கிட்டிவிட்டதென்ற எண்ணத்தில் பணிகள் தளர்த்தப்பட்டன. 1969-இல் நோயாளிகள் ஐந்து லட்சத்தைத் தாண்டினர். இரண்டாம் முறை அந்நாடு அவ்வாறு ஏமாறவில்லை. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு மருந்தும் கொசுவலையும் சென்றுசேர்ந்தன. நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று ரத்தம் எடுத்தன. சர்வோதயம் போன்ற மக்கள் அமைப்புகள் வலை வழங்குவதில் பங்கேற்றன. 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர்த் தொற்று பதிவானது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உள்ளூர்த் தொற்று இல்லாதிருத்தல் என்ற நிபந்தனையை நிறைவுசெய்த அந்நாட்டுக்கு 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

சான்று கிடைத்த அதே ஆண்டின் இறுதியில், இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையாகக் கிடக்கும் மன்னார் தீவில், அதுவரை இலங்கையில் பதிவாகாத அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி என்ற கொசு கண்டறியப்பட்டது. சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மைக் கொசு இதுவே. காட்டோடைகளையும் ஆற்றுப் படுகைக் குழிகளையும் நாடும் பிற அனாபிலிஸ் இனங்களைப் போலன்றி, வீட்டுக் கிணறு, சிமெண்டுத் தொட்டி, மாடியிலுள்ள மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றின் தெளிந்த நீரில் இது முட்டையிடுகிறது. இதன் பொருள், ஒழிப்புப் பணி இனி ஒவ்வொரு வீட்டின் வேலிக்குள்ளும் நடந்தாக வேண்டும் என்பதே. பூட்டிய வீட்டின் கிணற்றை எந்தச் சுகாதாரப் பணியாளராலும் எட்டிப்பார்க்க இயலாது.

வீட்டாரே பார்த்துக்கொள்ளும் வழி எளிது. கிணற்று நீரையோ தொட்டி நீரையோ ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு, சற்று நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு, வாலிலுள்ள மூச்சுக்குழலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழல் இல்லாததால் நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாக, சிறு துரும்பு மிதப்பதுபோல் படுத்துக்கிடக்கும். அவ்வாறு கண்டால் சுகாதார அலுவலருக்குத் தெரிவிப்பதோடு, தொட்டியை வாரம் ஒருமுறை வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும் என்பதே இந்தக் கணக்கின் காரணம். வடிக்க முடியாத கிணற்றில் கப்பி மீன் விடலாம், வாயை நெருக்கமான வலையால் மூடலாம்.

இன்னொரு ஆபத்து, பயணிகளோடு வருவது. 2018-இல் வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்க் கொசுவின் வழியே மற்றொருவருக்கு நோய் தொற்றியது. விரைந்து கண்டறிந்ததால் அது மேலும் பரவாமல் நின்றது. இதனால்தான் வெளிநாட்டுத் தொழிலாளர், தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பும் அகதிகள், அமைதிப் படையிலிருந்து மீளும் வீரர்கள் ஆகியோரின் ரத்தம் சோதிக்கப்படுகிறது. சோதனை தேவையானது, ஆனால் அது அவர்களை நோய் சுமந்து வந்தவர்களென ஊரார் ஒதுக்குவதற்குக் காரணமாகிவிடலாகாது. ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல் ஊரெங்கும் பரவும். சோதனை முடிவை இரகசியமாக வைத்திருக்கக் கோருவதும், சிகிச்சையின்போது கண்ணியமாக நடத்தப்படுவதும் அவர்களின் உரிமைகள்.

இந்தியாவில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மலேரியா ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இலங்கையில் மலேரியா தடை இயக்கம் நோயாளிகளுக்கான சிகிச்சையையும், மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோர் முன்கூட்டி உட்கொள்ள வேண்டிய தடுப்பு மருந்தையும் இலவசமாகத் தருகிறது. இவை மறுக்கப்பட்டால் தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும், இலங்கையில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்திலும் முறையிடலாம். ஊரில் கடைசியாகக் கொசுக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, எத்தனை பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது, ஒதுக்கிய பணம் எதில் செலவானது என்பனவற்றை இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும், இலங்கையின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் எழுத்தில் கேட்டுப் பெறலாம். நோயாளி ஒருவரும் இல்லாத ஆண்டுகளிலேதான் இக்கேள்விகளுக்குத் தேவை மிகுதி. அப்போதுதான் நிதி சத்தமின்றி வெட்டப்படுகிறது.

மலேரியா உள்ள பகுதிக்குச் சென்றுவந்த எவருக்கும், திரும்பிய பின் சில மாதங்கள் வரையிலும், காய்ச்சல் கண்டால் அதைச் சாதாரணக் காய்ச்சலெனத் தள்ளிவிடாமல் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எந்த ஊருக்குப் போய்வந்தார் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் தாமாகவே சொல்ல வேண்டும். வைவாக்ஸ் என உறுதியானால், முன்னர் சொன்ன ஆபத்தின் அறிகுறிகள் தோன்றினாலன்றி, இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தணிந்துவிட்டாலும், கொடுக்கப்பட்ட பிரைமாகுயின் மாத்திரைகளைப் பதினான்கு நாளும் தவறாமல் விழுங்கி முடிக்க வேண்டும்.